செஞ்சோற்றுக் கடன் நற்சான்றிதழ் ஆகாது

இராவணனைப் பற்றி நம்மிடையே ஊறிப்போன ஒரு தீர்ப்பு உண்டு. சீதை விஷயத்தில் அவன் தவறினான், அது ஒன்றுதான் அவன் குறை. மற்றபடி மாபெரும் தலைவன். அதற்கு அத்தாட்சியாக அவனுக்காக உயிரைக் கொடுத்தவர்களின் வரிசையைக் காட்டுவார்கள். தவறு என்று தெரிந்தும் கும்பகருணன் களத்துக்குப் போனான். தோற்போம் என்று தெரிந்தும் இந்திரசித்து போனான். தன் ஆட்களிடம் இவ்வளவு விசுவாசத்தைச் சம்பாதித்தவன் அவர்களை நன்றாக நடத்தாமலா இருந்திருப்பான்? அப்படியானால் இலங்கை ஏன் விழுந்தது? கூட இருந்தே குழி பறித்த ஒருவனால், வீடணனால். தீர்ப்பு அத்தோடு முடிகிறது.

இது எங்கும் கேட்கும் பேச்சு. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பட்டிமன்ற மேடைகளில் கும்பகருணனையும் வீடணனையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடியிருக்கிறார்கள். நடுவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கைதட்டல் கும்பகருணனுக்குத்தான். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைக்கு உள்ளாகி, 1971-இல் தடை நீங்கியது. இராவணனைத் தமிழினத் தலைவனாக நிமிர்த்தி நிறுத்திய நூல் அது. இது தமிழ்நாட்டின் தனிச்சொத்தும் அன்று. வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861-இல் எழுதிய மேகநாதவத காவியத்தில் இந்திரசித்துதான் நாயகன். சித்தப்பன் வீடணன் பகைவனுக்கு வழிகாட்டி அழைத்து வந்த துரோகி. இன்றைய கட்சி அரசியலிலோ, தலைமையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டவனுக்கு மறுநாள் காலையே ‘விபீஷணன்’ பட்டம் தயாராக இருக்கும்.

இராவணனை மறுவாசிப்புச் செய்ததில் எனக்கு வழக்கில்லை. தோற்றவன் பக்கத்திலிருந்து கதையைப் பார்ப்பது எந்த இலக்கியத்துக்கும் நல்லதுதான். நான் மறுப்பது அந்தத் தீர்ப்பின் நடுவே இருக்கும் கணக்கை: ஒருவனுக்காக மற்றவர்கள் செத்தார்கள், ஆகவே அவன் அவர்களை நன்றாக நடத்தினான் என்ற கணக்கை. இந்தக் கட்சிக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் கம்பனைத்தான். கும்பகருணன் வதைப் படலத்தைப் படித்துவிட்டுக் கண்கலங்காதவர் யார் என்று கேட்பார்கள். நானும் அதே கம்பனையே கூண்டில் ஏற்றுகிறேன். அவன் சொல்லும் சாட்சி நேர்மாறானது. இராவணன் தன்னைச் சார்ந்தவர்களின் வாயை ஒவ்வொன்றாக அடைத்தான். யோசனை சொன்னவனின் நோக்கத்தையே குற்றமாக்கினான். கடைசியில் அவர்களிடமிருந்து உயிரைத் தவிர வேறு எதையும் பெற முடியாத நிலைக்குத் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டான். வீடணன் போனது அந்தப் போக்கின் விளைவு.

மந்திராலோசனையில் தொடங்குவோம். அனுமன் இலங்கையைக் கொளுத்திவிட்டுப் போன பிறகு நடக்கும் அவை அது. இராவணன் வேண்டாதவர்களை வெளியேற்றிவிட்டு, ஒரு குரங்கு வந்து இப்படிச் செய்துவிட்டதே என்று மானம் நொந்து பேசுகிறான். படைத்தலைவன் எழுந்து வீரம் பேசுகிறான். மகோதரன் எழுகிறான், வச்சிரதந்தன் எழுகிறான், துன்முகன் எழுகிறான். வந்தவர் அத்தனை பேரும் நான் போய் முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார்கள். எதிரியின் பலம் என்ன, கடலைத் தாண்டி அவன் எப்படி வருவான், ஒற்றை ஆளாக வந்த குரங்கு இவ்வளவு செய்தது எப்படி என்று ஆராய ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அங்கே முதலில் உண்மை பேசியவன் கும்பகருணன். அடுத்தவன் மனைவியைச் சிறையில் அடைத்து வைத்துக்கொண்டு புகழை விரும்புகிறோமே என்று அவையிலேயே அண்ணனைக் குத்திக் காட்டுகிறான். ஆனால் செய்தது செய்தாகிவிட்டது, இனிப் பெண்ணைத் திருப்பி அனுப்பினால் உலகம் சிரிக்கும், ஆகவே எதிரி கடல் கடப்பதற்குள் நாமே போய்த் தாக்கிவிடுவோம் என்று முடிக்கிறான். இராவணன் மகிழ்ந்துபோகிறான், நன்றாகச் சொன்னாய், நானும் இதையேதான் நினைத்தேன் என்கிறான். கும்பகருணன் பேச்சில் இரண்டு பாதி இருந்தன. தனக்குப் பிடித்த பின்பாதி மட்டுமே அந்தக் காதில் விழுந்தது. தன்னைக் கண்டித்த முன்பாதிக்கு அவன் பதில்கூடச் சொல்லவில்லை. தலைவன் எதைக் கேட்டுக்கொண்டான், எதை விழுங்கினான் என்பதை அவையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு பேசியவன் வீடணன். அவன் பின்பாதியைச் சேர்க்கவில்லை. சீதையை விட்டுவிடு என்று நேராகவே சொல்லிவிட்டான். இராவணன் சிரித்துத் தள்ளுகிறான். வீடணன் விடவில்லை, இரணியன் கதையை எடுத்துச் சொல்லுகிறான். ஆணவத்தால் அழிந்தவனின் கதை எச்சரிக்கையாக உதவும் என்று நினைத்தான் போலும். அதற்குக் கிடைத்த பதிலைத்தான் நம் பட்டிமன்றக்காரர்கள் எடுத்துப் படிப்பதே இல்லை.

இராவணன் ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கிறான். இரணியன் கதையைச் சொன்னாயே, அவன் பிள்ளை தகப்பன் அழிந்தபின் அரசைப் பெற்றானே, உனக்கும் அந்த ஆசைதான் என்கிறான். எச்சரிக்கையாகச் சொன்ன கதை அப்படியே வாக்குமூலமாக மாறிவிடுகிறது. அடுத்து, அன்று அனுமனைக் கொல்லச் சொன்னேன், தூதரைக் கொல்வது முறையன்று என்று நீதான் தடுத்தாய், பின்னால் ஆகும் என்று அப்போதே அவர்களோடு உறவு வைத்துக்கொண்டாய் என்கிறான். நின்று பார்க்க வேண்டிய இடம் இது. தூதனைக் கொல்லக் கூடாது என்ற யோசனையை அன்று ஏற்றுக்கொண்டவன் இராவணனே. சரி என்று ஒப்புக்கொண்டு, கொலையை நிறுத்தி, வாலில் தீ வைக்கச் சொன்னவன் அவன். அந்த ஏற்பாடு ஊரையே எரித்த பிறகு பழி யோசனை சொன்னவன் தலையில் விழுகிறது. உத்தரவு போட்டவன் தலையைத் தொடவே இல்லை. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மனிதனைத் தெரியும். கூட்டத்தில் உங்கள் யோசனைக்குத் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, காரியம் கெட்டதும் பழைய கோப்பை எடுத்து உங்கள் பெயரில் கோடு போடுகிறவர்.

முடிவில் இராவணன் சொல்வது இது: பழிக்கு அஞ்சி உன்னைக் கொல்லாமல் விடுகிறேன், பேச்சை நிறுத்திவிட்டு உடனே போ, என் கண்ணெதிரே நின்றால் செத்தாய். அதற்குப் பிறகுதான் வீடணன் அனலன், அனிலன், அரன், சம்பாதி என்ற நால்வரோடு கிளம்புகிறான். இதைத் ‘துரோகம்’ என்று எந்த அகராதியை வைத்துச் சொல்கிறோம்? போ என்று சொன்னவன் அரசன். நின்றால் சாவு என்று கெடு வைத்தவனும் அரசன். இருக்கிற வரையில் வீடணன் செய்ததெல்லாம் அவையில், அண்ணன் முகத்துக்கு நேரே, எல்லோர் காதும் கேட்கப் பேசியதுதான். இரகசியமாக ஓலை எழுதவில்லை, படையைக் கலைக்கவில்லை, இரவோடு இரவாக ஓடவும் இல்லை. கூட இருந்து குழி பறிக்கிறவன் இப்படியா நடந்துகொள்வான்? நீயே சரி என்று சொல்லிக்கொண்டு மகோதரனுக்குப் பக்கத்தில் அல்லவா அமர்ந்திருப்பான்?

இனி, இந்தத் தீர்ப்புக்காரர்களின் பெரிய சாட்சி கும்பகருணன். அவனை எழுப்பலாம் என்று யோசனை சொன்னது யார் என்று பாருங்கள். முதல்நாள் போரில் தன் எதிரே ஆயுதம் இழந்து நின்ற இராவணனை, மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிடுகிறான் இராமன். திரும்பி வந்தவன் வெட்கத்தில் வேகிறான். பாட்டன் முறையான மாலியவான், நானும் சொன்னேன், உன் தம்பியும் சொன்னான், நீ கேட்கவில்லை என்கிறான். குறுக்கே மகோதரன் புகுந்து முதியவன் பேச்சை வெட்டிவிட்டு, ஒருநாள் தோல்வி ஒரு தோல்வியா, கும்பகருணனை அனுப்பு என்கிறான். இராவணன் முகம் மலர்கிறது. மந்திரி என்றால் நீயல்லவா மந்திரி என்று மகோதரனைப் பாராட்டுகிறான். மாலியவான் சொன்னது அங்கேயே கிடக்கிறது.

எழுப்பப்பட்ட கும்பகருணன் அறுநூறு வண்டிச் சோறும் குடம் குடமாகக் கள்ளும் முடித்துவிட்டு அரசனிடம் வருகிறான். இராவணன் அவனைத் தழுவுகிறான், உட்கார வைக்கிறான், அணிமணிகள் பூட்டுகிறான், கவசம் மாட்டுகிறான். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. போர்க்கோலம் முழுதும் முடிந்த பிறகு தம்பிதான் கேட்கிறான், இந்த அலங்காரமெல்லாம் எதற்கு என்று. எதிரி நகரை வளைத்துவிட்டான், போய் அவர்கள் உயிரைக் குடித்து வா என்று பதில் வருகிறது. முதலில் கவசம், பிறகு காரணம். கருத்துக் கேட்பதற்கு அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை.

இருந்தும் கும்பகருணன் பேசுகிறான். போர் வந்தேவிட்டதா, சீதையின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று பதறுகிறான். அவளை விட்டுவிடு, தம்பியோடு கலந்து வாழ் என்கிறான். அதற்கு வரும் பதிலைக் கேளுங்கள். உன்னை அழைத்தது இனி என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அல்ல; நீ பயந்துவிட்டாய்; தின்பதைத் தின்றாயே, குடிப்பதைக் குடித்தாயே, போய் இரவும் பகலும் தூங்கு; அந்த இரண்டு மனிதரையும் அந்தக் கூன்முதுகுக் குரங்கையும் கும்பிட்டுப் பிழைப்பது உனக்கும் உன் தம்பிக்கும்தான் ஏற்றது, எழுந்து போ. சொல்லிவிட்டு, தேரைக் கொண்டுவா, நானே போகிறேன் என்று இராவணன் எழுகிறான்.

ஒரே பதிலில் மூன்று அடி. நீ கோழை, நீ தின்றதற்கு நன்றியில்லாதவன், நீயும் வீடணன்தான். கும்பகருணன் சொன்னதில் இது சரி, இது தவறு என்று ஒரு சொல் இல்லை. சோற்றைச் சுட்டிக்காட்டிய அந்த இடத்திலேயே அண்ணன் தம்பி உறவு எசமான் கூலி உறவாகச் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு கும்பகருணன் சூலத்தை எடுத்ததைத்தான் நாம் செஞ்சோற்றுக் கடன் என்று கொண்டாடுகிறோம். கடனைத் தீர்த்தான் என்பது உண்மை. அவன் பெருமையும் உண்மை. ஆனால் அந்தப் பெருமை கொடுத்தவன் கணக்கில் சேருமா, தீர்த்தவன் கணக்கில் சேருமா? நட்டத்தில் ஓடும் கடையின் முதலாளி, வேலைக்காரன் சம்பளப் பாக்கியைக்கூடக் கேட்காமல் உழைத்தான் என்று காட்டித் தன் நிர்வாகத் திறமைக்குப் பரிசு கேட்டால் நாம் கொடுப்போமா?

கிளம்பும் முன் கும்பகருணன் சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள். வென்று வருவேன் என்று சொல்லமாட்டேன், விதி கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது, சாகப் போகிறேன் என்கிறான். என்னை அவர்கள் வென்றுவிட்டால் உன்னையும் வெல்வார்கள் என்பது உறுதி, அப்போதாவது சீதையை விட்டுவிடு என்கிறான். இதுவரை நான் ஏதாவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள் என்று மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யார், கேட்டவன் யார்! வெற்றியில் நம்பிக்கையில்லாமல், காரணத்தில் நம்பிக்கையில்லாமல், தலைவனின் அறிவில் நம்பிக்கையில்லாமல் ஒருவன் போருக்குப் போகிறான். நம் மேடைகள் இதைத் தலைமைக்குக் கிடைத்த வெற்றி என்கின்றன.

களத்தில் வீடணன் அவனைச் சந்திக்கும் இடம் வருகிறது. தம்பியைக் கண்டதும் கும்பகருணன் கண்ணீரோடு கடிந்துகொள்கிறான். ஆனால் கடிந்துகொண்டதன் காரணம் நாம் எதிர்பார்ப்பது அன்று. நம் குலத்தில் நீ ஒருவனாவது பிழைத்தாய் என்று தேறியிருந்தேனே, எங்களோடு சாகவா திரும்பி வந்தாய் என்றுதான் கேட்கிறான். எங்களுக்கு எள்ளும் நீரும் இறைக்க நீ ஒருவன் மிஞ்ச வேண்டும் என்கிறான். இராமன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் அழைத்ததை மறுக்கிறான். தன்னால் முடியாது என்கிறான். உன்னால் எப்படி முடிந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. விசுவாசத்தின் உருவம் என்று நாம் கொண்டாடுகிறவன், நாம் துரோகி என்று தூற்றுகிறவனைத் துரோகி என்று கருதவே இல்லை.

அதையும் தாண்டி ஒரு சாட்சியம் உண்டு. இந்த ஒன்று போதும் வழக்கை முடிக்க. கை கால் அறுபட்டு, சுக்கிரீவன் கடித்ததால் மூக்கும் காதும் இழந்து, உயிர் பிரியும் தறுவாயில் கும்பகருணன் இராமனிடம் இரண்டு வரம் கேட்கிறான். ஒன்று, மூக்கில்லாத என் முகத்தை யாரும் பார்க்காதபடி தலையை அறுத்துக் கடலில் அமிழ்த்திவிடு என்பது. இது எல்லோர்க்கும் நினைவிருக்கும். மற்றொன்று வீடணனுக்காக. எங்கள் அண்ணன் தகவில்லாதவன், தம்பி என்று இரங்கமாட்டான், கண்டால் கொன்றுவிடுவான், உன்னையும் உன் தம்பியையும் அனுமனையும் விட்டு இவன் ஒருபொழுதும் பிரியாதபடி பார்த்துக்கொள் என்று கேட்கிறான். யாரிடம் கேட்கிறான்? தன்னைக் கொல்லும் பகைவனிடம். யாரிடமிருந்து காக்கச் சொல்கிறான்? யாருக்காகச் சாகிறானோ அவனிடமிருந்து. உயிரை இராவணனுக்குக் கொடுத்த கும்பகருணன் நம்பிக்கையை இராமனிடம் வைத்துவிட்டுப் போகிறான். இதைப் படித்த பிறகும் கும்பகருணனை இராவணனுக்கு நற்சான்றாகக் காட்டுகிறவர்கள் படலத்தைக் கடைசிவரை படித்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அந்தத் தம்பி செத்த சேதி வந்தபோது அரசன் எங்கே இருந்தான் தெரியுமா? அசோகவனத்தில். மகோதரன் ஏற்பாடு செய்த போலிச் சனகனை முன்னே நிறுத்தி, தகப்பன் வாயாலேயே சீதையை இசைய வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பன் அடுத்தடுத்த படலங்களாக இவற்றை வைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்திரசித்து விஷயம் இன்னும் கொடுமை. நாகபாசமும் பிரமாத்திரமும் விட்டு இரண்டு முறை எதிரிப்படையைச் சாய்த்தவன். நிகும்பலை வேள்வி சிதைந்த பிறகு தந்தையிடம் வந்து நிலைமையைச் சொல்கிறான். எதிரியின் ஆற்றலைக் களத்தில் கண்டு வந்து சொல்லும் அறிக்கை அது. இலங்கையில் அதைவிடத் தகுதியான வாய் வேறு இல்லை. சீதையின் மேலுள்ள ஆசையை விட்டுவிடு என்கிறான். அதற்கு முன்னாலேயே, நான் பயந்துவிட்டேன் என்று எண்ணாதே, உன்மேல் உள்ள அன்பால் சொல்கிறேன் என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்கிறான். இந்திரனையே கட்டி இழுத்து வந்தவன், தன்னைக் கோழை என்று நினைத்துவிடாதே என்று சொந்தத் தகப்பனிடம் கெஞ்ச வேண்டிய அவை அது. உண்மை பேசினால் என்ன பட்டம் கிடைக்கும் என்பது அரண்மனையில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டிருக்கிறது.

பட்டமும் கிடைக்கிறது. இராவணன் தோள் குலுங்கச் சிரிக்கிறான். நீ மயங்கிவிட்டாய், மனிதனுக்கு அஞ்சிவிட்டாய், வருந்தாதே, நானே முடிக்கிறேன் என்கிறான். தொடர்ந்து அவன் சொல்வதுதான் மேடைகளில் முழங்கும் பகுதி: முன்னே செத்தவர்கள் இந்தப் பகையை முடிப்பார்கள் என்றோ, மிஞ்சியவர்கள் வெல்வார்கள் என்றோ, நீ வென்று தருவாய் என்றோ எண்ணி நான் இதில் இறங்கவில்லை, என்னை நம்பியே இந்தப் பகையைத் தேடிக்கொண்டேன். வீரத்தின் உச்சம் என்று இதைச் சொல்லாதவர் இல்லை. சொல்கிறவன் பக்கம் நின்று கேட்டால் வீரம்தான். கேட்கிறவன் பக்கம் நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கும்பகருணன் செத்தாகிவிட்டது, அதிகாயன் செத்தாகிவிட்டது, அட்சகுமாரன் எப்போதோ போய்விட்டான். அவர்கள் யாரையும் நான் நம்பி இருக்கவில்லை, உன்னையும் நம்பவில்லை என்று எஞ்சிய ஒரே பெருவீரனிடம், பெற்ற மகனிடம், தகப்பன் சொல்கிறான். இத்தனை பேர் கொடுத்த உயிருக்கு அவன் எழுதிக் கொடுத்த ரசீது இதுதான். இந்திரசித்து அதன்பின் வாதாடவில்லை. பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் சாகப் போகிறான்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் என்பதைக் கவனிக்க வேண்டும். வீடணனிடம், கும்பகருணனிடம், இந்திரசித்திடம் இராவணன் சொன்னதைச் சாறு பிழிந்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது: நீ சொல்வது சரியா என்பது எனக்குக் கேள்வியே அல்ல, நீ யார் பக்கம் என்பதே கேள்வி. அதற்கும் முன்னே மாரீசன் விஷயத்திலேயே இது தொடங்கிவிட்டது. தாய்மாமன் முறையான அவன், இராமனின் அம்பு பட்டு அனுபவித்தவன், வேண்டாம் என்று மன்றாடினான். சொன்னதைச் செய்யாவிட்டால் கொல்வேன் என்பதுதான் கிடைத்த பதில். எப்படியும் சாவுதான், இவன் கையால் சாவதைவிட இராமன் கையால் சாவது மேல் என்று மாரீசன் மானானான். இராவணனுக்காகச் செத்தவர் பட்டியலை விசுவாசத்தின் பட்டியல் என்று வாசிக்கிறவர்கள் முதல் பெயரிலேயே தடுக்கி விழ வேண்டும்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடுவோம். இராவணன் தம்பியையும் மகனையும் உயிராக நேசித்தான், செத்தபோது அழுது புரண்டானே என்பார்கள். உண்மை. மகன் தனக்குச் செய்ய வேண்டிய கடன்களைத் தான் மகனுக்குச் செய்ய நேர்ந்ததே என்று அவன் அழும் இடத்தில் கல்லும் கரையும். அன்பில்லாதவன் என்று நான் சொல்லவில்லை. அன்பிருந்தும் கேட்கத் தெரியாதவன் என்கிறேன். வாரிக் கொடுப்பான், தழுவுவான், கவசம் மாட்டிவிடுவான், பேச விடமாட்டான். அன்பு இருந்ததால் அவர்கள் விட்டுப்போக முடியாமல் தவித்தார்கள் என்பதுதான் இதில் வேதனை.

மகோதரனின் பேச்சை மட்டும் அவன் கேட்டானே, ஆகவே கேட்கத் தெரியாதவன் என்பது சரியா என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. இந்திரசித்து இறந்த ஆத்திரத்தில் இராவணன் சீதையை வெட்ட வாளோடு ஓடியபோது தடுத்து நிறுத்தியவன் மகோதரனே. எப்படித் தடுத்தான்? பெண்ணைக் கொல்வது பாவம், அவள் குற்றமற்றவள் என்று சொல்லி இருந்தால் அவனுக்கும் வீடணன் பட்டம்தான். பெண்ணைக் கொன்றான் என்று தேவர்கள் சிரிப்பார்கள், உன் புகழ் என்னாவது என்கிறான். வாள் உறையில் போகிறது. இராவணனின் மானத்தைத் தடவிக்கொடுத்துப் பேசினால்தான் அவன் காது திறக்கும் என்பது மகோதரனுக்குத் தெரிந்திருந்தது. அந்த மகோதரனும் களத்தில் இராமன் அம்புக்கு உயிரைக் கொடுத்தவன்தான். முகத்துதி செய்தவனும் செத்தான், முகத்துக்கு நேரே கண்டித்தவனும் செத்தான். அப்படியிருக்க, எத்தனை பேர் செத்தார்கள் என்பதை வைத்துத் தலைமையை எப்படி அளப்பது?

கனமான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. வீடணன் வெளியேற்றப்பட்டது சரி, ஒதுங்கி எங்காவது தவம் செய்திருக்கலாமே. நிகும்பலை இரகசியத்தைச் சொல்லி அண்ணன் மகனைக் கொல்ல வைத்தது அறமா? இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். களத்தில் இந்திரசித்து சித்தப்பனைப் பார்த்துத் தூற்றும் சொற்களில் சூடு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. வான்மீகத்தில் வீடணன், இவனைக் கொல்ல எண்ணினாலும் கண்ணீர் பார்வையை மறைக்கிறது என்கிறான். அந்தக் கறை தன்மேல் படிவது அவனுக்கே தெரியும். ஆனால் அந்தக் கறை இராவணனைக் கழுவிவிடாது. நாட்டின் அத்தனை இரகசியமும் தெரிந்த ஒருவனை, குற்றத்தை மெய்ப்பிக்காமல், விசாரணையும் இல்லாமல், செத்துப்போவாய் என்று மிரட்டித் தெருவில் விட்டவன் யார்? எதிரி பாளையம் கடலுக்கு அக்கரையில் இருக்கும்போது! வீடணன் செய்ததன் அறம் பற்றி வாதாடலாம். அவனை அங்கே தள்ளியவனின் அரசாட்சித் திறமை பற்றி வாதாட ஒன்றும் இல்லை.

அக்கரையில் இன்னொரு அவை கூடியது. வந்தவனைச் சேர்க்கலாமா என்று இராமன் எல்லோரையும் கேட்கிறான். சுக்கிரீவன் வேண்டாம் என்கிறான். சாம்பவான் வேண்டாம் என்கிறான். நீலனும் வேண்டாம் என்கிறான். அனுமன் ஒருவன்தான் சேர்க்கலாம் என்று காரணத்தோடு சொல்கிறான். இராமன் அனுமன் கட்சியை ஏற்கிறான். எதிர்த்துப் பேசியவர்களை நீங்கள் யார் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. தன் முடிவுக்குக் காரணம் சொல்கிறான். சொன்ன பிறகு, கடுமையாக எதிர்த்த சுக்கிரீவனையே அனுப்பி, நீயே போய் அவனை அழைத்து வா என்கிறான். தோற்ற கருத்துக்காரனை அவமானப்படுத்தாமல், முடிவுக்குள் அவனையும் பங்காளியாக்கிக்கொண்ட இடம் அது. இராமனும் அப்பழுக்கற்றவன் அல்லன். வாலியை மறைந்து நின்று கொன்றதைக் கம்பனே வாலி வாயால் நிற்க வைத்துக் கேட்கிறான். வீடணனுக்கு உடனே முடிசூட்டியதில் அரசியல் கணக்கும் இருக்கலாம். இருக்கட்டும். மாற்றுக் கருத்துச் சொன்னவன் ஒரு பாளையத்திலிருந்து விரட்டப்பட்டான், இன்னொரு பாளையத்தில் தூதாக அனுப்பப்பட்டான் என்ற வேறுபாட்டை எந்த மறுவாசிப்பாலும் அழிக்க முடியாது.

இந்த வழக்கை ஏன் இவ்வளவு வலிந்து பேச வேண்டும் என்றால், பழைய தீர்ப்பு காப்பியத்தோடு நிற்பதில்லை. கட்சியிலும், நிறுவனத்திலும், சங்கத்திலும், சில வீடுகளிலும் அது நடைமுறைச் சட்டமாக இருக்கிறது. வாய்மூடி உழைத்துச் செத்தால் கும்பகருணன், வாய்திறந்தால் விபீஷணன் என்று இரண்டே இருக்கைகளைப் போட்டு உட்காரச் சொல்கிறது. இந்த ஏற்பாட்டில் தலைவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. யார் விட்டுப் போனாலும் போனவனின் குணக்கேடு. யார் கூட இருந்தாலும் தலைவனின் பெருமை. தோற்காத பந்தயம் இது, தலைவனுக்கு மட்டும்.

ஆகவே, இனி ஒருவரை விபீஷணன் என்று மேடையில் வைகிற தலைவர்களிடம் தொண்டர்கள் கேட்க வேண்டிய கேள்வி எளியது. அவர் கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அந்தப் பதிலில் அவர் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு வரியாவது இருந்தால், துரோகம் பற்றிப் பேசலாம். நீ யார் பக்கம் என்பது மட்டுமே இருந்தால், போனவர் மேல் வழக்கு நிற்காது. விசாரிக்கப்பட வேண்டியவர் மேடையில் நிற்பவர்.